எட்டுக்கால் பூச்சி கடித்தால்: பூச்சியைத் தேடாதீர்கள், ஆளைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர், வணக்கம். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். போன மாதம் என் 9 வயது மகன் காலையில் எழுந்தபோது முழங்கைக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. நடுவில் சின்னதாக ஒரு புள்ளி. அரிப்பு, கொஞ்சம் வலி. பாயைச் சுருட்டியபோது அடியில் ஒரு எட்டுக்கால் பூச்சி செத்துக் கிடந்தது. அத்தை, அதாவது என் மாமியார், உடனே சுண்ணாம்பு தடவினார். அதன்மேல் குப்பைமேனி இலையை அரைத்துக் கட்டினார். மந்திரித்துவிட்டால்தான் விஷம் இறங்கும் என்று பக்கத்துத் தெருவுக்கும் அழைத்துப் போனார். இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் சுண்ணாம்பு பட்ட இடம் புண்ணாகி, இப்போது கறுப்புத் தழும்பு. போன ஐப்பசியில் என் கணவருக்குக் கழுத்தில் கோடு இழுத்தது போலக் கொப்புளம் வந்தது. அதையும் எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டது என்றார்கள். செல்போனில் தேடினால் சதை அழுகிய படங்களாக வருகின்றன. பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. பெரிய ஆஸ்பத்திரி எங்களுக்கு 14 கிலோமீட்டர். கடித்தது எட்டுக்கால் பூச்சிதானா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? என்ன வைத்தியம் செய்யலாம்? எப்போது கிளம்ப வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் தானாக வடிந்த வீக்கத்துக்கு இனி எந்த மருந்தும் தேவையில்லை. உள்ளே விஷம் தங்கியிருக்குமோ, பிறகு கிளம்புமோ என்ற பயமும் வேண்டாம். இப்போது இருக்கும் தழும்பு பூச்சியால் வந்ததல்ல. சுண்ணாம்பு கடுமையான காரம், பிள்ளைகளின் மெல்லிய தோலை அது பொசுக்கிவிடும். புண் முழுவதும் ஆறிவிட்டது என்றால் தினமும் இரண்டு வேளை வாசலின் தடவுங்கள். வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள். சில மாதங்களில் கறுப்பு மங்கிவிடும்.

அத்தையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேரன் மேல் உள்ள பாசத்தில், தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார். அவரிடமும் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஏதாவது கடித்தால் முதலில் ஓடி வருபவர் அவர்தான் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

சரி, அது எட்டுக்கால் பூச்சிதானா? பாய்க்கு அடியில் செத்துக் கிடந்ததை வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. நம் வீடுகளில் எந்தப் பாயைச் சுருட்டினாலும், எந்த அலமாரியை நகர்த்தினாலும் ஒன்றிரண்டு கிடைக்கும். கொசுவும் மூட்டைப்பூச்சியும் ரத்தம் குடிக்க நம்மைத் தேடி வருகின்றன. சிலந்திக்கு நம்மிடம் எந்த வேலையும் இல்லை. அதன் இரை பூச்சிகள்தான். நமக்கும் அதற்கும் நடுவில் அது நசுங்கும்போது மட்டும், அதாவது சட்டைக் கைக்குள், செருப்புக்குள், போர்வை மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும்போது, தற்காத்துக்கொள்ளக் கடிக்கும். அப்போதும் பெரும்பாலான சிலந்திகளின் பல் மனிதத் தோலைத் துளைக்கப் போதாது.

இதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 சிலந்திகளைப் பிடித்து எண்ணினார்கள். சதையை அழுகவைக்கும் என்று நீங்கள் செல்போனில் பார்த்தீர்களே, அதே பழுப்புச் சிலந்தி வகை. நான்கு பேர் கொண்ட குடும்பம் அங்கே பல வருடங்களாகக் குடியிருந்தது. ஒருவருக்குக்கூட அதனால் பாதிப்பு வந்ததாகத் தெரியவில்லை. இது 2002-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. நள்ளிரவில் அந்தப் படங்கள் நினைவுக்கு வந்தால் இந்த வீட்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர்கள் 'சிலந்திக் கடி' என்று உறுதியாக எழுதுவதற்குச் சில விஷயங்கள் தேவை. கடிக்கும்போதே யாராவது பார்த்திருக்க வேண்டும். அந்தப் பூச்சி கையில் கிடைத்து, இன்னதென்று அடையாளம் தெரிய வேண்டும். காயமும் அதற்குப் பொருந்த வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து அமைவது மிக அபூர்வம். எனவே காயத்தை மட்டும் பார்த்துப் பூச்சியைக் கண்டுபிடிக்க என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது, செல்போன் படத்தாலும் முடியாது. இரண்டு புள்ளி இருந்தால் சிலந்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலான சிலந்திகளின் பற்கள் மிகவும் நுண்ணியவை, இடைவெளியும் குறைவு, கண்ணுக்கு இரண்டாகத் தெரிவதே அரிது. தெளிவாக இரண்டு புள்ளி தெரிந்தால் பூரான் கடியாக இருக்கலாம், பாம்புக் கடியாகவும் இருக்கலாம்.

சிலந்தி அல்ல என்று சொல்வதற்குத்தான் நல்ல அடையாளங்கள் உண்டு. சிலந்தி பொதுவாக ஒரு தடவைதான் கடிக்கும். உடம்பில் நாலைந்து இடத்தில் தடிப்பு, அல்லது வரிசையாக மூன்று நான்கு என்றால் மூட்டைப்பூச்சி, கொசு, எறும்பு என்று யோசியுங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வந்தாலும் அப்படியே. சீழ் கோத்து, சூடாக, குத்துவலியோடு இருந்தால் அது கிருமியால் வந்த கட்டி. நாலு வாரமாக ஆறாத புண் என்றால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

நம் வீடுகளில் நாம் பார்க்கும் சிலந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டடையில் தொங்கும் நீளமான மெல்லிய கால்காரன், சுவரில் குதித்துக் குதித்து ஈ பிடிக்கும் குட்டிச் சிலந்தி, இரண்டும் நமக்கு ஒன்றும் செய்யாது. குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, சிலசமயம் வயிற்றுக்கு அடியில் வெள்ளை வில்லை மாதிரி முட்டைப் பையைச் சுமந்துகொண்டு, அதைப் பார்த்துத்தான் எல்லாரும் அலறுகிறார்கள். அது கரப்பான் பூச்சி தின்னும் சிலந்தி. கையால் பிடித்து அழுத்தினால் கடிக்கும், வலிக்கும், ஓரிரு நாளில் சரியாகும். விளக்குமாற்றால் அடித்துக் கொல்லாமல் ஒரு டப்பாவால் மூடி வெளியே விட்டுவிடுங்கள்.

கவனம் தேவைப்படும் வகைகள் சில உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, இலங்கை ஆகிய இடங்களில் மரப்பொந்துகளில் வாழும் பெரிய மயிர்ச் சிலந்தி அவற்றில் ஒன்று. மரம் ஏறுபவர்கள், பழைய ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் இதைச் சந்திக்கலாம். கடித்த இடத்தில் கடும் வலி, வீக்கம், அப்புறம் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கைகால் தசைகள் இழுத்துப் பிடிக்கும். உயிர் போகாது, ஆனால் தசைப்பிடிப்புக்கு மருத்துவமனையில் மருந்து வேண்டியிருக்கும். இன்னொன்று, வயிற்றின் அடியில் சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் உடுக்கை வடிவம் உள்ள விதவைச் சிலந்தி. அது கடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வலி ஏறி முதுகு, வயிறு வரை பரவும். வியர்த்துக் கொட்டும், ரத்த அழுத்தம் கூடும். மூன்றாவது அந்தப் பழுப்புச் சிலந்தி. கடிக்கும்போது பெரிய வலி இருக்காது. சில மணி நேரம் கழித்து நடுவில் வெளுத்து அல்லது நீலம் பாய்ந்து, சுற்றிலும் சிவந்து, இரண்டு மூன்று நாளில் உலர்ந்த கறுப்புப் பொருக்காகும். விதவைச் சிலந்தி, பழுப்புச் சிலந்தி இரண்டும் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன, ஆனால் மிகக் குறைவு. செல்போனில் நீங்கள் பார்த்த படங்கள் அநேகமாக அமெரிக்க, பிரேசில் நோயாளிகளுடையவை. அவற்றிலும் பல உண்மையில் கிருமிப் புண்கள்.

இனி உங்கள் கணவரின் கழுத்துக்கு வருவோம். அந்தக் கோட்டுக் கொப்புளத்துக்கும் சிலந்திக்கும் தொடர்பே இல்லை. மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி ஒரு சின்ன வண்டு வரும். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, எறும்பு மாதிரி ஒல்லி, உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் தேய்த்து நசுக்குகிறோம், அதன் உடம்பு நீர் தோலில் இழுபட்டு எரிக்கிறது. கொப்புளம் வர 24 முதல் 48 மணி நேரம் ஆவதால், காரணம் யாருக்கும் தெரிவதில்லை, பழி சிலந்தி மேல் விழுகிறது. தோலின் மடிப்பில் பட்டால் மடங்கும் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் கொப்புளம் வரும். அந்த வண்டைத் தோலில் கண்டால் ஊதித் தள்ளுங்கள், நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கொப்புளம் வந்துவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். எரிச்சல் அதிகம் என்றால் மருத்துவர் ஒரு களிம்பு எழுதித் தருவார்.

அதே போலக் கொப்புளம் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, கொத்துக் கொத்தாக வந்து, வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடம் வலிக்கவோ எரியவோ தொடங்கியிருந்தால் அது அக்கி. சின்ன வயதில் அம்மை வந்தபோது நரம்பில் ஒளிந்துகொண்ட அதே வைரஸ் மறுபடி எழுந்திருக்கிறது. நம் பக்கம் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதும் வழக்கம் இருக்கிறது. மனத்துக்கு ஆறுதல் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். விட்டுவிட்டால், முக்கியமாக வயதானவர்களுக்கு, புண் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும். நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால் அன்றே போக வேண்டும்.

இன்னொன்றை உங்கள் மாவட்டத்துக்காகவே சொல்கிறேன். வேலூர், திருவண்ணாமலை பக்கம் குளிர் மாதங்களில் உண்ணிக் காய்ச்சல் என்னும் ஸ்க்ரப் டைபஸ் நிறைய வருகிறது. புதர், வயல் வரப்பு, விறகுக் குவியல் ஆகிய இடங்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்புத் துணி இறுகும் இடம் என்று மறைவான இடங்களில்தான் இருக்கும் என்பதால் நோயாளிக்கே தெரியாது. தெரிந்தாலும் 'எட்டுக்கால் பூச்சி கடித்துக் காய்ந்துவிட்டது' என்று விட்டுவிடுகிறார்கள். சுமார் பத்து நாளில் கடும் காய்ச்சல், தலைவலி தொடங்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற விலை குறைந்த மாத்திரைகளிலேயே குணமாகிவிடும். காய்ச்சலோடு எங்காவது கறுப்புப் பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்படும் இடத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.

இவ்வளவையும் விட எனக்குக் கவலை தந்தது உங்கள் கடிதத்தில் இருந்த 'பாய்' என்ற சொல்தான். பிள்ளை தரையில் படுக்கிறான். இரவில் ஏதோ கடித்திருக்கிறது, என்னவென்று யாரும் பார்க்கவில்லை. இந்த நிலைமையில் நான் முதலில் நினைப்பது கட்டுவிரியனை.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு, இரை தேடி வீட்டுக்குள்ளும் வரும். தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடிக்கும். அதன் பல் சிறியது, கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. தடமே தெரியாமல் போவதும் உண்டு. ஏதோ பூச்சி என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுவார்கள். வாயுத் தொல்லை என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுப்பதற்குள் கண் இமை தொங்க ஆரம்பிக்கும். பார்ப்பது இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, குரல் குழறும். அடுத்தது மூச்சுத் தசைகள். சரியான நேரத்தில் கொண்டுவந்து, விஷமுறிவு மருந்தும் தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் கொடுத்தால், அசைவே இல்லாமல் கிடந்தவர்கள்கூட முழுதாக எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறார்கள். வீட்டிலோ மந்திரிப்பவர் திண்ணையிலோ போகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

எனவே இரவில் ஏதோ கடித்தது, என்னவென்று தெரியாது என்றால், பூச்சியைத் தேடி மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடிப்பதை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். முகத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள், இமை முழுவதும் ஏறுகிறதா? மல்லாக்கப் படுத்தபடி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி வைத்திருக்க முடிகிறதா? நாக்கை நீட்ட முடிகிறதா? பேச்சு எப்போதும் போல இருக்கிறதா? இவற்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும், அல்லது காரணமில்லாத வயிற்று வலி இருந்தாலும், 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் கடியில் அறிகுறி வர பல மணி நேரம் ஆகலாம். ஆகவே பாம்பு என்று சிறு சந்தேகம் இருந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிடுவதுதான் சரி. மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்கள், 20 நிமிட ரத்த உறைவுப் பரிசோதனை செய்வார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும், அதை இந்தப் பரிசோதனை காட்டும். கட்டுவிரியன் கடியில் ரத்தம் இயல்பாகவே உறையும் என்பதால், இமையையும் மூச்சையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடி மருந்து இலவசம். அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரிப்பது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மண்ணின் மக்களால் கிடைக்கும் மருந்து நம் ஊர்ப் பிள்ளைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டாமா? ஒன்று மட்டும், அந்த ஊசி சிலந்திக் கடிக்கு வேலை செய்யாது. 'எதற்கும் இருக்கட்டும், போட்டுவிடுங்கள்' என்று மருத்துவரை வற்புறுத்தாதீர்கள்.

தேளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கொட்டியவுடன் சுரீரென்று வலித்தால் தேளாக இருக்கலாம். வலி மட்டும் என்றால் பயமில்லை. செந்தேள் கொட்டி, பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டு, நெஞ்சு படபடத்தால் அது இதயத்தைத் தாக்குகிறது. மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டே, பிரசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரை இதற்குக் கைகொடுக்கும் என்று காட்டியவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று நாடு முழுவதும் அந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். ஆனால் வீட்டில் நீங்களாகக் கொடுக்கக் கூடாது, ரத்த அழுத்தத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது வீட்டு வைத்தியம். கண் எதிரே சிலந்தி கடித்தது, அல்லது ஏதோ பூச்சி கடித்து ஒரே இடத்தில் தடிப்பு, ஆள் நன்றாக இருக்கிறார் என்ற நிலைக்கு இது போதும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கையில் கடித்திருந்தால் மோதிரம், வளையல், காலில் என்றால் மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், பத்து நிமிடம் விடுங்கள், மறுபடி வையுங்கள். ஐஸைத் தோலில் நேரடியாக வைக்க வேண்டாம். ஐஸ் இல்லாவிட்டால் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். ஒத்தடம் என்றவுடன் சூடாகக் கொடுக்கும் பழக்கம் நமக்கு, இங்கே சூடு வேண்டாம். கடித்த கையையோ காலையோ சற்று உயரத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். பரவுகிறதா சுருங்குகிறதா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக் குழம்ப வேண்டியதில்லை, கோடு சொல்லிவிடும். மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அதைப் பார்த்தவுடன் அவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். முதல் நாள் சிவப்பும் வீக்கமும் கொஞ்சம் கூடுவது இயல்பு, அது தோலின் எதிர்ப்பு. இரண்டு மூன்று நாள் கழித்தும் கோட்டைத் தாண்டிப் பரவி, சூடாகி, வலி ஏறினால்தான் கிருமித் தொற்று. ஆகவே முதல் நாளே மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளை அளவு. ஆறு மணி நேர இடைவெளி விட்டு, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். புரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம். கடித்தது கண்ணாடி விரியனாகவோ சுருட்டை விரியனாகவோ இருந்தாலும், கூடவே டெங்கு இருந்தாலும் அவை ரத்தக் கசிவைக் கூட்டும். அரிப்புக்குக் கலமைன் லோஷன் தடவலாம். உங்கள் மகன் வயதுக்கு இரவில் செட்ரிசின் 5 மில்லிகிராம் கொடுக்கலாம், பெரியவர்களுக்கு 10. தூக்கம் வரும் என்பதால், பாம்பு என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அதைக் கொடுக்காதீர்கள், இமை சொருகுவது விஷத்தாலா மருந்தாலா என்று தெரியாமல் போய்விடும்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது கீறுவது. 2012-ல் அசாமின் சதியா பகுதியில் சிலந்திகள் கடித்ததாகப் பெரும் பீதி கிளம்பி, இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களை முதலில் கொண்டுபோனது மந்திரிப்பவர்களிடம். அங்கே பிளேடால் கீறி ரத்தத்தை வடித்திருக்கிறார்கள். உடற்கூறாய்வு இல்லாமலே எரித்துவிட்டதால், கொன்றது சிலந்தியா, கீறிய புண்ணில் ஏறிய கிருமியா என்பது கடைசி வரை தீரவில்லை. வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் இதே வகை. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரலே அழுகிப்போகும். மண்ணெண்ணெய், பற்பசை, பேட்டரித் தண்ணீர், சாணம் எதுவும் வேண்டாம்.

குப்பைமேனி பற்றி அத்தை கேட்பார். காயமில்லாத தோலில் சாறு தடவினால் பெரிய ஆபத்து இல்லை, சிலருக்கு அதுவே அரிப்பைக் கிளப்பும். புண்ணான தோலில் மண்ணும் தூசியும் பட்ட இலையை அரைத்துக் கட்டக் கூடாது. உள்ளுக்குக் கொடுப்பது நிச்சயம் கூடாது. பிறவியிலேயே ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருப்பவர்கள் குப்பைமேனியைச் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும், இலங்கையில் அப்படி நோயாளிகள் வந்திருக்கிறார்கள். உப்பில்லாப் பத்தியம் போட்டுப் பிள்ளையைப் பட்டினி போடவும் வேண்டாம். வழக்கமான சாப்பாடே கொடுங்கள்.

மந்திரிப்பதை நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் போய் வந்த பிறகு அத்தை திருநீறு போட்டுவிடட்டும். வரிசை மட்டும் மாறக் கூடாது.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகளில் இமை தொங்குவது, வயிற்று வலி, வியர்வை, வாந்தி ஆகியவற்றை மேலே சொல்லிவிட்டேன். மூச்சு இளைத்தாலோ, உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ, உடம்பு முழுவதும் தடிப்பு வந்து மயக்கமாக இருந்தாலோ அது ஒவ்வாமை, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தசைகள் இழுத்துப் பிடித்தாலும், சிறுநீர் கறுத்துக் கோலா நிறத்தில் போனாலும் அன்றே போங்கள். கடித்த இடம் நீலம் பாய்ந்து கறுத்தாலும், காய்ச்சல் வந்தாலும், சிவப்புக் கோடு மேல்நோக்கி ஏறினாலும் மறுநாள் வரை தள்ளிப்போடாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு, கண்ணுக்குப் பக்கத்தில் கடித்தவர்களுக்கு, அறிகுறி குறைவாக இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது. செத்த பூச்சி கையில் இருந்தால் டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் செல்போனில் படம் போதும். பாம்பு என்றால் தேடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். நோயாளியை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள், கடித்த கை காலை அசைக்காமல் வைத்துக் கூட்டி வாருங்கள்.

எத்தனை மணிக்குக் கடித்தது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி. நாட்டு மருந்து கொடுத்திருந்தால் திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய ஒரே பெரிய மாற்றம் கொசுவலை. கட்டிலில் படுக்க முடிந்தால் மிகவும் நல்லது. முடியாவிட்டால் பாயின் மேலேயே வலை கட்டி, நாலு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். பாம்பு, தேள், சிலந்தி, கொசு எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே தடுப்பு. இரவில் எழுந்தால் டார்ச் இல்லாமல் காலைக் கீழே வைக்காதீர்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் ஷூவையும், கொடியில் கிடந்த சட்டையையும் ஒரு தடவை உதறிப் போடப் பிள்ளையைப் பழக்குங்கள். விறகையும் மூட்டைகளையும் படுக்கும் அறையில் வைக்காதீர்கள், அங்கே எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும்.

டி.டி. ஊசியைப் பற்றி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு கடிக்கும் ஓடிப்போய் ஒன்று போட்டுக்கொள்பவர்கள் நிறைய. தடுப்பூசிகளை ஒழுங்காகப் போட்டிருந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகவில்லை என்றால் மறுபடி தேவையில்லை. மகனுக்கு ஐந்து வயதில் போட்டார்களா என்று அட்டையில் பாருங்கள். பத்து வயதில் அடுத்தது பள்ளியிலேயே போடுவார்கள், அன்றைக்கு லீவு போடாமல் அனுப்பிவிடுங்கள். கணவருக்கும் அத்தைக்கும் கடைசியாக எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால், அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது இருவருக்கும் ஒன்று போட்டுவிடச் சொல்லுங்கள்.